கேள்வி – பதில்: 20-ஆ, 720-ஆ?

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸில் மகன் வீட்டுக்குப் போகிறோம். வில்ஷயர் சாலையில் 20, 720 என்ற இரண்டு பஸ்களும் ஓடுகின்றனவாமே. எதில் ஏறுவது?

பதில்: கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதான். 20 சாதாரண பஸ், அடிக்கடி நிற்கும். 2000-ல் தொடங்கிய சிவப்பு 'ரேப்பிட்' 720, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு, பெரிய சந்திப்புகளில் மட்டுமே நிற்கும். அது நெருங்கும்போது சிக்னலில் பச்சை விளக்கு சில விநாடிகள் நீளும் ஏற்பாடும் உண்டு. ஆனாலும் மிச்சமாகும் நேரத்தில் பெரும்பங்கு நிறுத்தங்களைக் குறைத்ததால் வருவது.

மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் என்றால் முதலில் வருவதில் ஏறுங்கள். 720-க்காகக் காத்திருந்தால், மிச்சமாகும் ஐந்து நிமிடம் நிறுத்தத்திலேயே போய்விடும். இறங்கிய பின் நடையும் கூடும். மூட்டுவலிக்காரர்களுக்கு 20-தான் சரி. தொலைதூரத்துக்கு யோசிக்காமல் 720.

டேப் கார்டு (பணம் ஏற்றிவைத்து பஸ் கட்டணம் செலுத்தும் அட்டை) வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே திசையில் பஸ் மாறினால் மறுபடி கட்டணம் இல்லை. பழைய வழிகாட்டிகளில் உள்ள மற்ற ரேப்பிட் எண்களை நம்பாதீர்கள். ஒரே சாலையில் இரண்டு வகை ஓடியதால் இரண்டுக்குமே காத்திருப்பு நீண்டது. அதனால் 2020-க்குப் பின் பெரும்பாலான ரேப்பிட் பஸ்களைச் சாதாரண பஸ்ஸோடு இணைத்துவிட்டார்கள்.