ஒலிம்பிக் டென்னிஸில் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் கொடுத்தால் என்ன?

முன்பு அப்படித்தான் கொடுத்தார்கள். 64 வருடம் கழித்து 1988இல் சியோலில் டென்னிஸ் முழுப் பதக்கப் போட்டியாகத் திரும்பி வந்தபோதும் சரி, 1992 பார்சிலோனாவிலும் சரி, அரையிறுதியில் தோற்ற இரண்டு பேருக்குமே வெண்கலம். 1996 அட்லாண்டாவில்தான், தோற்றவர்கள் இருவரும் மோதி ஜெயிப்பவருக்கு மட்டும் பதக்கம் என்று ஆனது.

இந்த மாற்றத்தால் நமக்கு எவ்வளவு நஷ்டம் என்று ஒருமுறை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 2004 ஏதென்ஸில் ஆண்கள் இரட்டையரில் பயஸ்–பூபதி நான்காவது இடம். 2016 ரியோவில் கலப்பு இரட்டையரில் சானியா–போபண்ணா நான்காவது இடம். பழைய கணக்கு தொடர்ந்திருந்தால் டென்னிஸில் இந்தியாவுக்கு 3 பதக்கம். இப்போது இருப்பது 1996இல் பயஸ் வாங்கிய ஒன்றே ஒன்று.

ஏதென்ஸ் வெண்கல ஆட்டத்தை ஹாஸ்டல் டிவி ரூமில் பார்த்தேன். அரையிறுதியில் ஜெர்மனியின் கீஃபர்–ஷூட்லரிடம் 2-6, 3-6 என்று நம்மவர்கள் சுருண்டிருந்ததால் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. எதிரே குரோஷியாவின் ஆன்சிச்–லுபிசிச். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் டைபிரேக் கிடையாது, இரண்டு கேம் முன்னிலை வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். 8-8 ஆனது, 10-10 ஆனது, 12-12 ஆனது. எழுந்து போனால் ராசி போய்விடும் என்று யாரும் பாத்ரூமுக்குக்கூடப் போகவில்லை. கடைசியில் 16-14, குரோஷியாவுக்கு. வெளியே வந்ததும் வாட்ச்மேன் அண்ணன் கேட்டார்:

"என்ன தம்பி, ஜெயிச்சாச்சா?"

"இல்லண்ணே, நாலாவது."

"நாலாவதுக்கா இம்புட்டு நேரம் கத்துனீங்க?"

அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் உங்கள் கட்சிதான். இரண்டு ஜோடிக்கும் கொடுத்துத் தொலையுங்களேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

குத்துச்சண்டையில் அப்படிக் கொடுக்க நியாயம் உண்டு. அடி வாங்கி இறங்கியவரை மறுபடி மேடையேற்றுவது ஆபத்து. விஜேந்தர், மேரி கோம், லவ்லினா மூவரும் அரையிறுதியில் தோற்று வெண்கலம் வாங்கியவர்கள்தான். ஆசியப் போட்டியில் டென்னிஸுக்கும் அதே முறை. 2018இல் நம்ம சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் இஸ்தோமினிடம் தோற்றார், வெண்கலம் கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தோற்றுவிட்டு வந்து கழுத்தில் பதக்கம் மாட்டிக்கொள்வதில் ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்யும்.

பயஸின் 1996 பதக்கத்தில் அந்தச் சங்கடம் இல்லை. உலகத் தரவரிசையில் 126ஆம் இடம், வைல்ட் கார்டில், அதாவது தரவரிசை போதாமல் சிறப்பு அனுமதியில் உள்ளே வந்த ஆள். அரையிறுதியில் அமெரிக்காவின் அகாசியிடம் 6-7, 3-6 என்று தோற்றார். ஒரு கிராண்ட்ஸ்லாமில் இப்படித் தோற்றிருந்தால் காசோலையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். இங்கே பரிசுப் பணம் கிடையாது, கிளம்பவும் முடியாது. மணிக்கட்டுக் காயத்தோடு பிரேசிலின் மெலிஜெனிக்கு எதிராக இறங்கி, முதல் செட்டை 3-6 என்று விட்டார். பிறகு 6-2, 6-4. 1952 ஹெல்சிங்கியில் ஜாதவ் மல்யுத்தத்தில் வாங்கியதற்கு 44 வருடம் கழித்து நமக்கு ஒரு தனிநபர் பதக்கம். அது வென்று வாங்கியது.

அதனால் இப்போது நான் கட்சி மாறிவிட்டேன், 16-14 இன்னும் வலித்தாலும்.

மெலிஜெனியின் பக்கம் நின்று பார்த்தால்? அவருக்கு வெறுங்கை. பிரேசில் தன் முதல் டென்னிஸ் பதக்கத்துக்கு 25 வருடம் காத்திருந்தது. 2021இல் டோக்கியோவில், கடைசி நேரத்தில் போட்டிக்குள் இடம் கிடைத்த பிகோசி–ஸ்டெஃபானி ஜோடி வெண்கல ஆட்டத்தில் ரஷ்ய ஜோடியிடம் முதல் செட்டை இழந்தது, இரண்டாவதை எடுத்தது. மூன்றாவது செட்டுக்குப் பதிலாக ஆடும், இரண்டு புள்ளி முன்னிலையோடு 10 புள்ளி எடுத்தால் வெற்றி என்ற டைபிரேக்கில் 5-9, அதாவது இன்னும் ஒரே புள்ளியில் ஆட்டத்தை முடிக்க எதிரணிக்கு வரிசையாக நான்கு வாய்ப்பு. அங்கிருந்து தொடர்ந்து ஆறு புள்ளி எடுத்து 11-9. பழைய விதிப்படி அந்த இரண்டு பெண்களுக்கும் அரையிறுதியில் தோற்ற அன்றே வெண்கலம் கிடைத்திருக்கும். இந்த ஆட்டம் நடந்தே இருக்காது.