ஸ்டேஷனுக்கா, டாக்டரிடமா? போதைத் தடுப்பு: வாசகர் கேள்விகள்

எங்கள் அரசுப் பள்ளியில் போதை எதிர்ப்பு மன்றம் இருக்கிறது. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் பேச வருகிறார். அவரை என்ன பேசச் சொல்லலாம்?
– ஆசிரியை, தேனி மாவட்டம்

ஒரு உரை, ஒரு உறுதிமொழி, குரூப் போட்டோ என்று தயவுசெய்து முடித்துவிடாதீர்கள். போலீஸாரே வகுப்பெடுக்கும் 'டேர்' திட்டம் 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவியது. பெற்றோருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வித்தியாசமில்லை என்று பல ஆய்வுகள் காட்டின. கடைசியில் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள். வெறும் உரை, பயமுறுத்தல், பழக்கத்திலிருந்து மீண்டவரை மேடையேற்றிப் பேசவைப்பது, இவை பலன் தருவதில்லை என்பதுதான் ஐ.நா. வழிகாட்டுதலும்.

அதற்காக இன்ஸ்பெக்டர் வரவேண்டாம் என்றில்லை. அவருக்கு நன்றாகத் தெரிந்ததை அவர் சொல்லட்டும். விற்பவன் மாணவர்களை எப்படி நெருங்குகிறான், 'இந்தப் பையைக் கொஞ்சம் வைத்திரு' என்று கொடுத்தால் சட்டம் அதை எப்படிப் பார்க்கும், யாரிடம் சொல்லலாம் என்பதெல்லாம் அவர் வாயால் வந்தால்தான் பிள்ளைகள் நம்புவார்கள். எந்த மாத்திரை, எப்படிப் போடுகிறார்கள் என்ற விவரம் மட்டும் வேண்டவே வேண்டாம். தெரியாத பிள்ளைக்கும் அது பாடமாகிவிடும். அவர் போன பிறகு, அடுத்த சில வாரங்கள் வகுப்பாசிரியர் தொடர வேண்டும். நண்பன் வற்புறுத்தும்போது மறுப்பதை மாணவர்கள் ஜோடி ஜோடியாக நடித்துப் பழகட்டும். உண்மையான வேலை அதுதான்.

பத்தாவது படிக்கும் மகனின் பையில் கூல் லிப் பாக்கெட் இருந்தது. வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு அம்மா, திருப்பூர்

ஆகாதும்மா. உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் அந்தச் சிறு பை புகையிலைதான். அதை அவன் வைத்திருந்ததற்காகச் சிறைக்குப் போக மாட்டான். அவனுக்குக் கொடுத்தவன்தான் குற்றவாளி. சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி, குழந்தைக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இன்று அடிக்காதீர்கள். அவன் அப்பாவும் அடிக்க வேண்டாம். கோபம் தணிந்த பிறகு, எப்போது ஆரம்பித்தது, யாரோடு, எந்தக் கடை என்று கேளுங்கள். விட முயன்றால் சில நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். அது நிகோட்டின் குறைவதால் வருவது, திமிர் அல்ல. வீட்டில் பெரியவர் யாராவது புகைத்தால், அவரும் கூடவே விடுவது பெரிய துணை.

இதுவே கஞ்சாவாகவோ மாத்திரையாகவோ இருந்திருந்தால் போதை மீட்பு உதவி எண்ணான 14446-க்கு அழைக்கலாம், இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கும் போகலாம். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவை நம் போலீஸார் ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. பழக்கத்துக்கு அடிமையாகி, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாகவே அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சைக்கு வந்து அதை முழுமையாக முடித்தால், அந்த வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழென்றால் லாக்கப்பில் வைக்கவே கூடாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைநலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவரைக் கேட்டுப் பேசுங்கள்.

ரூம்மேட் ஒரு பொட்டலத்தை என் அலமாரியில் வைக்கச் சொல்கிறான்.
– கல்லூரி மாணவர், கோவை

வைக்காதீர்கள். உங்களிடமிருந்து எடுத்தால், அது என்னவென்று தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கஞ்சா ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்றாலும், ஓராண்டு வரை சிறை உண்டு.

பள்ளிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் போதைப்பொருள் விற்கிறார்கள். புகார் கொடுத்தால் என் பெயர் வெளியே வருமா?
– ஒரு அப்பா, ஆவடி

போலீஸின் புகார் எண்ணான 10581-க்கு அழைத்து, பெயரை ரகசியமாக வைக்கும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடை, நேரம், யார் வாங்குகிறார்கள் என்பது போதும். பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் சிகரெட் விற்பதே குற்றம். கடைக்காரரிடம் நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள்.

மகளுக்குத் தெரியாமல் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா?
– ஒரு அப்பா, சேலம்

வேண்டாம் சார். முடிவு தவறாகவும் வரலாம், அவள் கண்டுபிடித்தால் அப்புறம் எதையுமே உங்களிடம் சொல்ல மாட்டாள். சந்தேகம் இருந்தால் நேராகக் கேளுங்கள். பரிசோதனை தேவையா என்பதை டாக்டர், அவளுக்குத் தெரிந்தே, முடிவு செய்யட்டும்.