டிபேட் கேம்பஸ்ல, கேள்வி கேக்குறது வேற ஆளு

கேள்வி: அமெரிக்க அதிபர் வேட்பாளர்களோட டிபேட்டை யுனிவர்சிட்டி கேம்பஸ்லயே வைக்கிறாங்களே, ஸ்டூடண்ட்ஸுக்கு அங்க எவ்ளோ மரியாதை பாத்தீங்களா? 2024ல மட்டும் ஏன் டிவி ஸ்டுடியோவுக்குப் போச்சு? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: செலவு யார் தலைலன்னு முதல்ல பாருங்க சார். 1987ல ரெண்டு பெரிய கட்சிக்காரங்களும் சேந்து ஆரம்பிச்ச டிபேட் கமிஷன்தான் இடத்தை முடிவு பண்ணும், ஆனா காசுக்கு அலையுறது யுனிவர்சிட்டி. மண்டபத்தையும் குடுத்துட்டு கல்யாணச் செலவையும் மண்டபக்காரரே ஏத்துக்கிட்ட கதை. பதிலுக்கு ஒரு ராத்திரி நாடு பூரா டிவில காலேஜ் பேரு தெரியும், அம்புட்டுதான்.

ஸ்டூடண்ட்டுக்கு என்னன்னா, குலுக்கல்ல டிக்கெட் விழுந்தா உள்ள, இல்லாட்டி வெளிய பெரிய ஸ்கிரீன். உள்ள போனாலும் கைதட்டக் கூடாதுன்னு சொல்லித்தான் உக்கார வைப்பாங்க. 2016ல செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் யுனிவர்சிட்டில நடந்த ட்ரம்ப் - ஹிலாரி டிபேட் மக்களே கேள்வி கேக்குற டவுன்ஹால் டைப்பு, சரி இதுலயாவது பசங்க கேப்பாங்கன்னு பாத்தா, யாருக்கு ஓட்டுன்னு இன்னும் முடிவு பண்ணாத உள்ளூர்க்காரங்களா பாத்து கருத்துக்கணிப்பு நடத்துற கேலப் கம்பெனி பொறுக்கி எடுத்து உக்கார வச்சிருந்தது. 2012ல ஹோஃப்ஸ்ட்ரா யுனிவர்சிட்டில இன்னும் மோசம். பசுமைக் கட்சி அதிபர் வேட்பாளர் ஜில் ஸ்டைன் உள்ள போகப் பாத்தாங்க, போலீஸ் புடிச்சிட்டுப் போய் மணிக்கணக்கா சேரோட சேத்து விலங்கு மாட்டி வச்சிருந்தது. கருத்துக்கணிப்புல 15 சதவீதம் இல்லன்னா மேடை கிடையாதுன்னு கமிஷனோட ரூலு.

ஒண்ணு மட்டும் ஒத்துக்குறேன். மிசிசிப்பி யுனிவர்சிட்டில 1962ல ஜேம்ஸ் மெரிடித்னு ஒரு கறுப்பின மாணவர் சேர வந்ததுக்கு கலவரம் வெடிச்சு ரெண்டு பேர் செத்தாங்க, அதே கேம்பஸ்ல 2008ல அதிபர் வேட்பாளரா ஒபாமா வந்து நின்னாரு. எந்த ஸ்டுடியோவுலயும் செட்டு போட்டு இதக் கொண்டுவர முடியாது.

2024 விஷயத்துக்கு வருவோம். கமிஷன் முன்னாடியே நாலு கேம்பஸை அறிவிச்சாச்சு. மே மாசம் பைடன் டீம், உங்க டிபேட்டுக்கு வரலன்னு கமிஷன்கிட்ட சொல்லிட்டு ட்ரம்ப் பக்கத்தோட பேசி முடிச்சு, ஜூன் 27 அட்லாண்டா சிஎன்என் ஸ்டுடியோன்னு ஆக்கிட்டாங்க. ஆடியன்ஸே வேணாம், ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் மைக் ஆஃப், இதெல்லாம் அவங்களே போட்ட கண்டிஷன். நாலு கேம்பஸையும் ஒரு வார்த்தை கேக்கல. அதுல வர்ஜீனியா ஸ்டேட் யுனிவர்சிட்டியும் ஒண்ணு, கறுப்பின மக்களுக்காகவே ஆரம்பிச்ச காலேஜுங்கள்ல அதிபர் டிபேட்டுக்குத் தேர்வான முதல் காலேஜ் அதுதான். அக்டோபர் 1ன்னு தேதி வரைக்கும் குடுத்திருந்தாங்க.