காற்று நின்றபின் விளக்கு எதில் எரிகிறது? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள் நிற்கின்றன. அப்படியிருந்தும் தூத்துக்குடி அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்துக்கொண்டே இருப்பது ஏன்?

காற்றாலைக்குச் சொல்லப்படும் மெகாவாட் கணக்கு, அது அதிகபட்சமாகத் தரக்கூடிய அளவே தவிர, எந்நேரமும் தரும் அளவு அன்று. காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால் அதிலுள்ள திறன் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் புகுந்து வீசும் மே முதல் செப்டம்பர் வரையில்தான் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி கிடைக்கிறது; ஐப்பசி பிறந்ததும் அதே ஆலைகளில் பல சும்மா நிற்கும். சூரிய மின்சாரமோ நண்பகலில் உச்சம் தொட்டு, வீடுகளில் விளக்கும் ஏசியும் போடத் தொடங்கும் நேரத்தில் அடங்கிவிடுகிறது. இந்த இரண்டு இடைவெளிகளையும் இன்று பெரும்பாலும் நிலக்கரியே நிரப்புகிறது.

நிலக்கரி அலகை (கொதிகலனும் மின்னாக்கியும் சேர்ந்த ஒரு தொகுதியை) நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது ஏற்றவும் முடியாது. ஆறிப்போன கொதிகலனைச் சூடேற்றி மின்தொகுப்பில் (மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையமைப்பில்) இணைக்கப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால், காற்று நன்றாக வீசும் ஆடி மாதத்திலும் பல அலகுகளை நிறுத்தாமல், ஏறத்தாழ 55 சதவீதம் வரை சுமையை இறக்கி ஓட்டுவார்கள். அப்படி ஓட்டும்போது ஒரு யூனிட்டுக்கு எரியும் நிலக்கரி சற்றுக் கூடும். ஆனாலும் மொத்தச் செலவு குறையவே செய்யும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் வழியாகத் தென்மண்டலம் தேசிய மின்தொகுப்போடு இணைந்தபின், நம்மிடம் மிஞ்சும் காற்று மின்சாரத்தை வடக்கே அனுப்பும் வழியும் விரிவடைந்தது.

கேள்வி: காடம்பாறையில் மின்சாரம் செலவழித்துத் தண்ணீரை மேலே ஏற்றி, பிறகு அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்களாமே! இது வீண் வேலை அல்லவா?

யூனிட் கணக்கு மட்டும் பார்த்தால் நஷ்டம்தான்: நான்கு யூனிட் செலவழித்து ஏற்றிய நீர் இறங்கும்போது மூன்று யூனிட் சொச்சமே திரும்பும். ஆனால் மிஞ்சும் நேரத்து மின்சாரமும் தட்டுப்பாட்டு நேரத்து மின்சாரமும் ஒரே மதிப்புடையவை அல்ல. தலா 100 மெகாவாட் வீதம் அங்குள்ள நான்கு அலகுகளும் ஒரு திசையில் சுழன்றால் மேல் ஆழியாறு நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றும். எதிர்த்திசையில் சுழன்றால் மின்சாரம் தரும். தேவை எழுந்த சில நிமிடங்களிலேயே முழு உற்பத்திக்கு வந்துவிடும். சூரிய மின்சாரம் பெருகப் பெருக இத்தகைய நிலையங்களே அதிகம் தேவைப்படும் என்பது என் கருத்து. காற்றாலைகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இவற்றைப் பற்றி நாம் பேசுவதில்லை.

கேள்வி: அணுமின்சாரம் புதுப்பிக்கத்தக்கதா?

இல்லை. யுரேனியம் தோண்டி எடுக்கப்படும் கனிமம். எடுக்க எடுக்கக் குறையும். கூடங்குளத்தில் இயங்கும் தலா 1,000 மெகாவாட் அலகுகள் இரண்டுக்கும் எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது. மின்சாரம் எடுக்கும்போது கரியமில வாயு வெளிவராததால் பலர் இதைச் சூரிய மின்சாரத்தோடு சேர்த்து எண்ணுகிறார்கள். புகை வருமா என்பதும் தீருமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்தால் புகை வருகிறது, ஆனாலும் அடுத்த பருவத்தில் கரும்பு மீண்டும் விளைவதால் அது புதுப்பிக்கத்தக்கதே.

கேள்வி: நெய்வேலி நிலக்கரியை மற்ற ஊர்களுக்கு ரயிலில் அனுப்பினால் என்ன?

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி; அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். ரயிலில் ஏற்றினால் தண்ணீருக்கும் சேர்த்துக் கட்டணம் கட்ட வேண்டும்; குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றும் இயல்பும் அதற்கு உண்டு. அதனால்தான் 1962-இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய நாளிலிருந்து சுரங்கத்தின் வாயிலிலேயே எரிக்கிறார்கள். நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தில் நிலத்தடி நீர் இருப்பதால், அதை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும் என்பதையும் அந்த மின்சாரத்தின் விலையில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: மொட்டை மாடியில் சூரியத் தகடு போட்டிருக்கிறேன். பட்டப்பகலில் கரண்ட் போனால் வீட்டிலும் போய்விடுகிறதே, பழுதா?

பழுதன்று. மின்தொகுப்போடு இணைந்த இன்வெர்ட்டர் (தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி), கம்பியில் மின்சாரம் அற்றவுடன் தன்னை நிறுத்திக்கொள்ளும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால், இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் பணியாளரை உங்கள் மாடியிலிருந்து போகும் மின்சாரம் தாக்கக்கூடும். மின்தடையின்போதும் வெளிச்சம் வேண்டுமானால், பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு மாற வேண்டும். மாதத்தில் ஓரிரு மணி நேரமே தடை வரும் ஊரில் அந்தச் செலவு கட்டுபடியாகாது.