மலைக்காட்டுக் களிமண்ணில் மணல் அடிக்கலாமா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி பக்கம் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கினேன். ஒரு காலத்தில் காடாக இருந்த சரிவு என்கிறார்கள். மண் ஒரே களி. மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிறது. காப்பி இலைகள் வெளிறிவிட்டன. ஓடையோரம் வைத்த மிளகுக் கொடிகளில் பாதி செத்துவிட்டன. நிலத்தை முடித்துக் கொடுத்தவர், "முப்பது டிப்பர் மணலும் செம்மண்ணும் அடித்து, ஜிப்சம் போட்டு, பொக்லைன் விட்டுச் சமன் செய்தால் சரியாகிவிடும்" என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். மணல், செம்மண், ஜிப்சம், பொக்லைன் நான்கும் வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

முதலில் மணல் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழம் வரை உள்ள மண் ஏறக்குறைய 700 டன் எடை இருக்கும். அதில் நூற்றுக்கு 45 பங்கு களி என்று வைத்துக்கொண்டால், 30 பங்காகக் குறைக்க 350 டன் மணல் கலக்க வேண்டும். இரண்டு ஏக்கருக்கு 700 டன். பத்து டன் வண்டியில் எழுபது நடை. அவர் சொல்லும் முப்பது நடையில் மண்ணின் குணம் மாறாது. களியும் மணலும் இறுகிச் செங்கல் அறுக்கத்தான் தோதாக இருக்கும்.

உங்கள் பயத்துக்குக் காரணம் 'களி' என்ற சொல். சமவெளிக்காரர்களுக்குக் களிமண் என்றதும் கரிசல்தான் நினைவுக்கு வரும். கரிசலின் களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். மலைக்காட்டுக் களி வேறு சாதி. பழனி மலையின் சார்னோகைட் என்ற கடினப் பாறை, மழையிலும் வெயிலிலும் யுகயுகமாக நைந்து உருவான மண் அது. கால்சியம், மெக்னீசியம், சாம்பல் சத்து எல்லாம் மழையோடு கீழே இறங்கிவிட, இரும்பும் அலுமினியமும் கயோலின் களியும் தங்கிவிட்டன. பீங்கான் செய்ய உதவுகிறதே, அந்த இனத்துக் களி. இது அதிகம் உப்பாது. இரும்புத் துருவும் இலை மக்கும் பசைபோல ஒட்டி, இந்தக் களியைச் சிறுசிறு மணிகளாகத் திரட்டி வைத்திருக்கும். மணிகளுக்கு இடையே தண்ணீர் வழிந்துவிடும், வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் சோதித்துப் பாருங்கள். மழை விட்டு மூன்று நாள் கழித்து, சருகை விலக்கிவிட்டு ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்குங்கள். புட்டுக்குப் பிசறிய மாவு போலப் பிடித்தால் பிடியும், விரலால் தட்டினால் உதிரும். அதையே சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் உள்ளங்கையில் போட்டுத் தேயுங்கள். மணிகள் உடைந்து, கொழுக்கட்டை மாவாகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். பொக்லைன் செய்வதும் இதே வேலைதான், இரண்டு ஏக்கருக்கு. ஈர மண்ணில் ஆட்கள் ஓயாமல் நடப்பதும் அதைத்தான் செய்யும். உங்கள் செருப்பு மாட்டிக்கொண்ட இடம் நடைபாதையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். புட்டுப் பதம் வரும்வரை மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

அப்படியானால் இலை ஏன் வெளிறுகிறது? இந்த மண்ணின் உண்மையான நோய் புளிப்பு. கால்சியம் வெளியேறிய இடத்தை அமிலம் பிடித்திருக்கிறது. புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; 7-க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும். இத்தகைய சரிவுகளில் பி.எச். 5 அல்லது அதற்கும் கீழே இருப்பது வியப்பே இல்லை. காப்பிக்கு 6-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 5-க்குக் கீழே போனால் மண்ணில் உள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும், சத்து ஏறாமல் இலை வெளிறும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் ஹைட்ராஞ்சியா நீல நிறத்தில் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே செடியைச் சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். நீலத்துக்குக் காரணம் இந்த அலுமினியம்தான். பூவுக்கு அழகு, காப்பி வேருக்கு நஞ்சு.

அதே இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) கட்டிப்போட்டுவிடும். மூட்டை மூட்டையாக சூப்பர் பாஸ்பேட்டை மேலே தூவினாலும், பெரும்பகுதி சில வாரங்களில் செடிக்கு எட்டாமல் போகும். பாறை பாஸ்பேட்டை மக்கிய எருவோடு கலந்து வேருக்கு அருகில் வையுங்கள். சமவெளி வயலில் கரையாமல் கிடக்கும் அந்தச் சரக்கு, புளிப்பு மண்ணில் மெல்லக் கரைந்து பயன்படும்.

புளிப்புக்கு மருந்து சுண்ணாம்புத் தூள் அல்லது மெக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட். இங்கேதான் ஜிப்சம் வியாபாரம் நுழைகிறது. சுண்ணாம்பும் ஜிப்சமும் வெள்ளைத் தூள், இரண்டிலும் கால்சியம் உண்டு. ஆனால் ஜிப்சம், சோடியம் மிகுந்து கெட்ட களர் நிலத்துக்கான மருந்து, புளிப்பை அது குறைக்காது. கால் நூற்றாண்டு மண் பரிசோதனை வேலையில், 'சுண்ணாம்பு போட்டும் பி.எச். ஏறவில்லை' என்று வந்தவர்களிடம் காலிச் சாக்கைக் கொண்டுவரச் சொல்வேன். சாக்கில் ஜிப்சம் என்று அச்சடித்திருக்கும், பில்லில் சுண்ணாம்பு என்று எழுதியிருக்கும். கடைக்காரரிடம் ஒரு பிடித் தூள் வாங்கி, அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சுண்ணாம்புத் தூள் சீறி நுரைக்கும். டோலமைட் சோம்பலாக நுரைக்கும். ஜிப்சம் சும்மா கிடக்கும். சுட்ட சுண்ணாம்பைத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கையையும் வேரையும் பொசுக்கிவிடும்.

எவ்வளவு போடுவது என்பதைப் பரிசோதனை அறிக்கைதான் சொல்ல வேண்டும். எதுவானாலும் ஒரே தடவையில் ஏக்கருக்கு ஒரு டன்னைத் தாண்டாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது பரவலாகத் தூவுங்கள். யூரியாவையும் சுண்ணாம்பையும் ஒன்றாகப் போட்டால் தழைச்சத்து காற்றில் போய்விடும். ஒரு மாத இடைவெளி விடுங்கள்.

அறிக்கை என்றதும் மத்திய அரசுத் திட்டத்தில் தரும் மண்வள அட்டையை எடுத்துக்கொண்டு வராதீர்கள். 2015 பிப்ரவரியில் தொடங்கிய நல்ல திட்டம்தான். ஆனால் மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது அதன் அளவுகோல். சமவெளிக்கு அது போதலாம். மலையில் 10 ஹெக்டேருக்குள் ஒரு மேடு, இரண்டு சரிவு, ஓர் ஓடை, நாலு வகை மண் இருக்கும். அட்டையில் உள்ள 12 அளவுகளில் களிப்பங்கு இல்லை, கரையும் அலுமினியமும் இல்லை. மலைக்கு வேறு அட்டை வேண்டும் என்று எத்தனை கூட்டத்தில் சொன்னாலும், குறித்துக்கொள்கிறார்கள், தேநீர் கொடுக்கிறார்கள், அனுப்பிவிடுகிறார்கள். நீங்களே மேடு, நடுச்சரிவு, பள்ளம் என்று மூன்று மாதிரி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு இடத்தில் முக்கால் அடி ஆழம் வெட்டிக் கலந்து, அரைக் கிலோ போதும். தாண்டிக்குடியிலேயே காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். மணிச்சத்தை அமில மண்ணுக்கான பிரே முறையில் பார்க்கச் சொல்லுங்கள். குத்தியவுடன் முள் காட்டும் மலிவுக் கருவியை நம்ப வேண்டாம்.

இனி அந்த மிளகு. களியைப் பற்றிய உங்கள் பயம் நியாயமாகும் ஒரே இடம் ஓடையோரம்தான். சரிவிலிருந்து கழுவி வந்த நுண்களியெல்லாம் அங்கே படிந்திருக்கும். மணியாகத் திரளாமல் மாவாகப் படிந்த களி. தண்ணீர் நிற்கும், காற்று போகாது. அங்கே ஓரடி குழி வெட்டுங்கள். மண்ணின் நிறம் சிவப்போ பழுப்போ என்றால் பிழைத்தீர்கள். சாம்பல் நிறத்தில் துருப்புள்ளிகளோடு இருந்து, முகர்ந்தால் சாக்கடை வாடை அடித்தால், இரும்பே மூச்சுத் திணறி நிறம் மாறிவிட்டது என்று பொருள். குழியில் தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள். இரண்டாம் முறை ஊற்றியது மறுநாள் காலையிலும் நின்றால், அந்தத் துண்டில் மிளகு வேண்டவே வேண்டாம். தேங்கிய நீரில் வேரழுகல் பூஞ்சை ஒரு கொடியிலிருந்து அடுத்ததற்கு நீந்திப் போகும். செத்த கொடிகளை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, மேட்டுப்பக்கம் இரண்டடி ஆழத்தில் ஒரு வடிகால் வெட்டி ஓடையில் சேருங்கள். அந்தத் துண்டைத் தீவனப் புல்லுக்கு விட்டுவிடுங்கள். அங்கும் மணல் அடிக்க வேண்டாம். அடுத்த மழையில் அது ஓடைக்குப் போகும், உங்கள் பணமும் கூடவே போகும்.

சரிவில் செய்ய வேண்டியது, சருகைக் கூட்டாமல் இருப்பது. காட்டு மண்ணின் கறுப்பெல்லாம் மேலே உள்ள ஓரடிதான். அதற்கடியில் வெறும் சிவப்பு. வெயில் நேராகப் பட்டால் அந்த மக்கு சில ஆண்டுகளில் எரிந்துபோகும், மணிகளைப் பிடித்திருக்கும் பசையும் போய்விடும். நிழலுக்கு நிற்கும் கல்யாண முருங்கையைக் கவாத்து செய்து, தழையைக் காப்பிக்கு அடியிலேயே போடுங்கள். சில்வர் ஓக் மரங்களை விற்றுத் தருகிறேன் என்று யாராவது வந்தால், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக, உங்கள் தரகர் 'சமன் செய்யும் கூலியைக் குறைத்துக்கொள்கிறேன்' என்றும் சொல்லியிருப்பாரே? எனக்குத் தெரிந்த ஒருவரிடம் அப்படித்தான் சொன்னார்கள். செம்மண்ணோடு ஏறி வந்த வண்டிகள் காலியாக இறங்கவில்லை. அவருடைய கறுப்பு மேல்மண் முழுவதும் நாற்றுப்பண்ணைக்கு விலையானது. மூன்று மாதம் கழித்து, அதே மண்ணைப் பையில் அடைத்து, தொட்டிச் செடிக்கென்று அவர் மகளே விலை கொடுத்து வாங்கி வந்தாள்.