அடி விழுந்த பிறகு மூளைக்குள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மூளையில் அடிபட்ட நொடியிலேயே சேதம் நடந்து முடிந்துவிடுகிறதே, அப்புறம் மருந்து தேடி ஆராய்ச்சி எதற்கு? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: முடிவதில்லை. ஆராய்ச்சிக்கு இடம் இருப்பதே அதனால்தான். அடியிலேயே நசுங்கிப்போன திசுவை மீட்க வழியில்லை. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் பகுதி அடுத்த சில மணி நேரத்திலும் நாட்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. காயம்பட்ட நரம்பணுக்களிலிருந்து குளூட்டமேட் (நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் வேதிப்பொருள்) அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. அதனால் பக்கத்து அணுக்களுக்குள் கால்சியம் பாய்கிறது. அணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தாங்காமல் செயலிழக்கிறது. இழுபட்ட ஆக்சான்களும் (நரம்பணுவின் நீண்ட இழைகள்) பெரும்பாலும் அப்போதே அறுவதில்லை. உள்ளே புரதங்கள் தேங்கி, வீங்கி, பல மணி நேரம் கழித்தே துண்டாகின்றன. கூடவே மூளை வீக்கம். மண்டையோடு விரிந்துகொடுக்காது என்பதால் உள்ளே அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் குறைகிறது. இந்த இரண்டாம் கட்டச் சேதத்தைத்தான் தடுக்கப் பார்க்கிறார்கள்.

கேள்வி: சுண்டெலிகளுக்கு ஒரே அளவான மூளைக்காயத்தை எப்படி ஏற்படுத்துகிறார்கள்? எங்கே தவறு நேரும்? (உயிரித்தொழில்நுட்ப முதுகலை மாணவி, கோவை)

பதில்: அதிகம் புழங்கும் முறையில், மோதும் கம்பியைக் காற்றழுத்தமோ மின்காந்தமோ இயக்குகிறது. விலங்கை ஐசோஃபுளூரேன் என்ற மயக்க வாயு கொடுத்து மயக்கி, தலையைச் சட்டத்தில் அசையாமல் பொருத்தி, மண்டையோட்டில் 4 முதல் 5 மி.மீ. அகலத்துக்கு வட்டமாக எலும்பை எடுக்கிறார்கள். அதன் வழியே சுமார் 3 மி.மீ. முனை கொண்ட கம்பி, நொடிக்கு 3 முதல் 6 மீட்டர் வேகத்தில் மூளையை 1 முதல் 2 மி.மீ. ஆழம் அமுக்கி மீள்கிறது. வேகம், ஆழம், அமுக்கி நிற்கும் நேரம் மூன்றையும் கருவியிலேயே அமைத்துவிடலாம்.

எண்கள் சரியாக இருந்தும் காயம் விலங்குக்கு விலங்கு மாறினால், முதலில் எலும்பு துளைத்த விதத்தைப் பாருங்கள். துளைக்கும்போது உண்டாகும் சூடு அடியிலுள்ள மூளையைச் சுட்டுவிடும். விட்டு விட்டுத் துளைத்து, குளிர்ந்த சலைன் (உப்புக் கரைசல்) சொட்டவிட வேண்டும். மூளையின் மேலுறையான டியூரா கிழிந்துவிட்டால் அந்த விலங்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடுத்தது, ஆழத்தின் பூஜ்யப் புள்ளி. முனை டியூராவைத் தொடும் இடம்தான் பூஜ்யம். எலும்பை எடுத்துவிட்டுத் தாமதித்தால் மூளை மேலே உப்பி வரும். அப்போது முன்பு குறித்த பூஜ்யம் பொய்யாகிவிடும். 1 மி.மீ. ஆழத்தில் 0.2 மி.மீ. பிழை வந்தால் அது ஐந்தில் ஒரு பங்கு.

பலர் கோட்டைவிடுவது உடல் வெப்பத்தில். மயக்கத்தில் சுண்டெலி விரைவில் குளிர்ந்துபோகும். குளிர்ச்சியே அதன் மூளையைக் காக்கும். ஒரு குழு 37 டிகிரியிலும் இன்னொன்று 34 டிகிரியிலும் இருந்தால், மருந்து வேலை செய்ததுபோல் ஒரு முடிவு கிடைக்கும். மலக்குடல் வெப்பமானியோடு இணைந்த சூட்டுப் படுக்கை கட்டாயம். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே மயக்கமும் எலும்பு நீக்கமும் செய்ய வேண்டும், மோதல் மட்டும் கிடையாது. எலும்பை எடுப்பதே ஓரளவு காயம்தான் என்பதால், எதுவும் செய்யாத இன்னொரு குழுவும் இருப்பது நல்லது. எது எந்தக் குழு என்பது விலங்குகளின் நிலைக்கு மதிப்பெண் போடுபவருக்குத் தெரியக் கூடாது. விலங்கு நெறிக்குழுவின் அனுமதியும் வலி நிவாரணியும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

கேள்வி: எலிகளில் பலன் தந்த மருந்துகள் மனிதரிடம் ஏன் தோற்கின்றன? (ஓய்வுபெற்ற மருந்தாளுநர், மதுரை)

பதில்: புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் நல்ல உதாரணம். விலங்குகளில் வீக்கத்தைக் குறைத்தது. சிறிய மனித ஆய்வுகளும் நம்பிக்கை தந்தன. 2014-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், ஒன்றில் 882 பேர், மற்றதில் 1195 பேர், பலன் எதுவும் தெரியவில்லை. ஆய்வகத்தில் ஒரே வயது, ஒரே இன எலிகள். ஒரே இடத்தில் ஒரே அடி. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து. விபத்தில் வருபவருக்கோ ரத்தக்கட்டு, ஆக்சான் சேதம், ஆக்சிஜன் குறைவு எல்லாம் கலந்திருக்கும். அத்தனையையும் “தீவிர மூளைக்காயம்” என்று ஒரே பெட்டியில் போட்டு ஒரே மருந்தைச் சோதித்தால், யாருக்காவது கிடைத்த பலனும் சராசரியில் கரைந்துவிடும். என் கணிப்பில் பெரிய குறை இதுதான்.

ஸ்டீராய்டின் கதை இன்னும் கடுமையானது. மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்தை அது குறைக்கும். அதை நம்பித் தலைக்காயத்துக்கும் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். 10,008 பேரிடம் நடந்த ‘கிராஷ்’ ஆய்வில், மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைப் பெற்றவர்களில் 21.1 சதவீதமும் பெறாதவர்களில் 17.9 சதவீதமும் இரண்டு வாரத்தில் இறந்தது 2004-ல் தெரியவந்தது. பெரிய ஆய்வு நடந்திராவிட்டால் அந்த ஊசி இன்றும் தொடர்ந்திருக்கும்.

2019-ல் வந்த ‘கிராஷ்-3’ டிரானெக்சாமிக் அமிலத்தைச் சோதித்தது. ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் மருந்து இது. 10 நிமிடத்தில் 1 கிராம், பிறகு 8 மணி நேரத்தில் இன்னொரு 1 கிராம். 3 மணி நேரத்துக்குள் பெற்றவர்களில், லேசான, நடுத்தரக் காயமுள்ளோரிடையே தலைக்காய மரணம் குறைந்தது. மிகத் தீவிரமான காயத்தில் தெளிவான பலன் இல்லை.

கேள்வி: ரத்தம் எடுத்தே மூளைக்காயத்தைக் கண்டுபிடிக்கலாமாமே? (ஆய்வக நுட்பநர், வேலூர்)

பதில்: ஓரளவுக்கு. ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம் ஆஸ்ட்ரோசைட் செல்களிலிருந்தும் (நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் மூளைச் செல்கள்), யு.சி.எச்.-எல்1 என்ற புரதம் நரம்பணுக்களிலிருந்தும் ரத்தத்துக்கு வருகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சோதனையை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-ல் அனுமதித்தது. லேசான காயம் என்று சந்தேகிக்கப்படும் பெரியவர்களில், 12 மணி நேரத்துக்குள், யாருக்கு சி.டி. ஸ்கேன் தேவையில்லை என்று முடிவு செய்ய மட்டுமே அது. யு.சி.எச்.-எல்1 சுமார் 8 மணி நேரத்திலும் ஜி.எஃப்.ஏ.பி. சுமார் 20 மணி நேரத்திலும் உச்சம் தொடுகின்றன. எனவே மாதிரிக் குழாயில் அடிபட்ட நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதாவிட்டால் அந்த எண்ணை ஆய்வுக்குப் பயன்படுத்த முடியாது. பழைய குறியீடான எஸ்100பி, கொழுப்புத் திசுவிலும் இருக்கிறது. உடலில் வேறு காயம் இருந்தாலே ஏறிவிடும்.

கேள்வி: கேஸ் ஷீட்டில் “ஜி.சி.எஸ். 8” என்று இருந்தால் ஆய்வுக்குப் போதுமா? (செவிலியர், தஞ்சாவூர்)

பதில்: போதாது. 1974-ல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜெனெட்டும் தந்த, நோயாளியின் நினைவு நிலையை அளக்கும் இந்த ஜி.சி.எஸ். (கிளாஸ்கோ கோமா அளவுகோல்) முறையில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15. ஒரே 8 பல விதமாகக் கூடி வரும். மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். மூச்சுக்காகக் குழாய் போட்டிருப்பதால் பேச முடியாதவருக்குப் பேச்சின் இடத்தில் ‘டி’ என்று குறியுங்கள். மயக்க மருந்து கொடுத்திருந்தால் அதன் பெயரும் நேரமும் பக்கத்திலேயே இருக்கட்டும்.