துப்பாக்கிக்கு நிறம் மாற்றியதற்கா இந்தத் தடை?

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். ‘கவுண்டர் ஸ்ட்ரைக் 2’ விளையாட்டில் துப்பாக்கியின் நிறத்தை மாற்ற ஏதோ ஒரு ‘மாட்’ இறக்கினான். கணினி விளையாட்டுகளுக்கான ‘ஸ்டீம்’ தளத்தில் அவனுக்குள்ள கணக்குக்கு ‘வாக்’ தடை வந்துவிட்டது. 3,000 ரூபாய் கொடுத்தால் நீக்கித் தருவதாக மார்த்தாண்டத்தில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. ‘வாக்’ என்பது ஏமாற்று நிரல்களைப் பிடிக்க ஸ்டீம் வைத்திருக்கும் காவல். அது விதிக்கும் தடை நிரந்தரமானது, தங்கள் உதவிப் பிரிவினராலும் அதை நீக்க முடியாது என்று ஸ்டீமே எழுதி வைத்திருக்கிறது. தவறாக விதித்த தடையென்று தெரிந்தால் அவர்களே விலக்கிக்கொள்வார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. அப்படியிருக்க, இடையில் நிற்பவர் எதை நீக்கப்போகிறார்? நாகர்கோவிலில் என்னிடம் கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் சிலர் பணத்தோடு கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டு, கணக்கையே பறிகொடுத்து நிற்கிறார்கள்.

மாட் என்பது, இருக்கும் விளையாட்டில் ரசிகர்கள் செய்துகொள்ளும் மாற்றம்; அது குற்றமல்ல. கவுண்டர் ஸ்ட்ரைக்கே 1999-இல் ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டின் மேல் இரண்டு ரசிகர்கள் உருவாக்கிய மாட்தான். மறு ஆண்டே, இன்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆட்டத்தில் இருக்கும் அனைவரும் அறிந்து ஏற்றுக்கொண்ட மாற்றம் மாட். மற்றவர் அறியாமல் ஒருவர் மட்டும் வைத்திருப்பது ஏமாற்று. உங்கள் மகன் இறக்கியது, ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டின் நினைவகத்துக்குள் புகுந்து நிறத்தை மாற்றும் நிரலாக இருக்க வேண்டும். சுவருக்கு அப்பால் நிற்கும் எதிரியைக் காட்டும் நிரலும் அதே வழியாகத்தான் நுழைகிறது. ஓட்டைப் பிரித்து இறங்கியவன் வெள்ளையடிக்க வந்தானா, திருட வந்தானா என்று காவல்காரன் விசாரிப்பதில்லை.

ஒரு விலக்கு உண்டு. ‘இன்செக்யூர்’ என்னும் தொடக்கக் கட்டளையுடன் விளையாட்டைத் திறந்தால், வாக் காவலுள்ள சர்வர்களில் நுழைய முடியாது. அந்த நிலையில், கணினியே இயக்கும் எதிரிகளோடு தனியாக எதையும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கட்டளையை எடுத்துவிட்டுப் பொது ஆட்டத்துக்குத் திரும்புமுன், நிரலை முழுவதும் நீக்கி, கணினியை மறுபடி இயக்கி, அது பின்னணியில் தானாகத் தொடங்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் விடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

எந்தக் கோப்பினால் தடை வந்தது என்பதை மட்டும் நிறுவனம் சொல்லாது. சொன்னால் ஏமாற்றுக்காரர்கள் கற்றுக்கொள்வார்களாம். அதற்காக, ஒன்றும் அறியாத பையனுக்கும் அதே அச்சடித்த பதில்தான்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள். கடவுச்சொல்லையும் இன்றே மாற்றிவிடுங்கள்; மகனைத் திட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.